சோற்றுப் பார்சலுக்குத் திறக்கிற கதவு வாடகைக்கு ஏன் திறப்பதில்லை?



இது நீளமான பதிவு. தெமட்டகொடையில் இருப்பவர்கள், குறிப்பாக பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களும் வாடகைக்கு வீடு, ரூம் வைத்திருப்பவர்களும், கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

போன கிழமை நம்ம பக்கத்து வட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு செய்தி ஓடியது. வெளிநாட்டு அகதிக் குடும்பம் ஒன்று ரூம் தேடித் திரிகிறதாம், யாரும் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம், லேனுக்கே தலையிடியாகப் போய்விடும் என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல். ஒருவர்கூட “ஏன்?” என்று கேட்கவில்லை. அதே குரூப்பில் அதே நாள் காலையில் ரோஹிங்யா முஸ்லிம்களுக்காக துஆ கேட்டு ஒரு வீடியோ வந்திருந்தது. அதற்கும் வரிசையாக ஆமீன். இரண்டையும் மேலே தள்ளிப் பார்த்தேன். ஆமீன் போட்டவர்களும் கட்டைவிரல் போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஆக்கள்.

இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் கஞ்சத்தனமான ஊர் இல்லை. நோன்பு வந்தால் கஞ்சி, பேரீச்சம்பழம், அரிசி, மாவு, சீனி எல்லாம் வீடு தேடிப் போகிறது. வெள்ளம் வந்தால் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் சோற்றுப் பார்சலோடு முதலில் இறங்குவது நம்ம பொடியன்மார்தான். இதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

என் முறைப்பாடு வேறு. பார்சல் கொடுக்கும்போது நாம் கொடுக்கிற ஆள், அவர் வாங்குகிற ஆள். கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதே ஆள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் கதை மாறிவிடுகிறது. அவருடைய பிள்ளை நம்ம பிள்ளையோடு விளையாடும். அவருடைய மனைவி நம்ம வீட்டுக் குழாயில் தண்ணீர் கேட்பார். பெருநாள் தொழுகையில் நமக்குப் பக்கத்து ஸஃப்பில் நிற்பார். அந்த இடத்துக்கு வரும்போதுதான் நம்ம கதவு சாத்துகிறது. உதவி என்றால் சரி, அயலவர் என்றால் வேண்டாம். இந்தப் பழக்கம் பிழையானது. மார்க்கத்தின்படியும் பிழை, நம்ம சொந்தச் சரித்திரத்தின்படியும் பிழை.

யாரைப் பற்றிக் கதைக்கிறோம் என்று முதலில் தெளிவாக்குவோம்.

இலங்கையில் இருக்கிற வெளிநாட்டு அகதிகள் பெரிய கூட்டம் இல்லை. 2019இல்கூட ஏறக்குறைய 1,600 பேர்தான். பெரும்பாலோர் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள். ரோஹிங்யாக்கள் அதிலும் சிறு தொகை. கொழும்பு மாநகரத்தின் சனத்தொகைக்கு முன்னால் இது என்ன கணக்கு? ஒரு பெரிய பாடசாலையின் மாணவர் தொகைகூட இதைவிட அதிகம்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. 2005இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஐ.நா. அகதிகள் முகவரகம்தான் இவர்களைப் பதிவு செய்து, விசாரித்து, வேறு நாட்டுக்கு அனுப்பும் வேலையைச் செய்துவந்தது. வேறு நாடு கிடைக்கும் வரை இங்கே இருக்கலாம், ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு அரச பாடசாலையில் இடம் என்பதும் உரிமையாகக் கிடைப்பதில்லை. முகவரகம் கொடுத்த சிறு கொடுப்பனவில்தான் பல குடும்பங்கள் ஓடின. 2024 இறுதியோடு கொழும்பு அலுவலகத்தை மூடுவதாக முகவரகம் முடிவெடுத்தது. கொடுப்பனவும் நின்றுவிடுமே என்று ரோஹிங்யாக்கள் அந்த அலுவலக வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வேலை செய்யவும் விடாமல், கொடுப்பனவும் இல்லாமல், ஒரு குடும்பம் இந்த விலைவாசியில் எப்படி வாழும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நம்ம ஆக்கள் சொல்கிற காரணங்களுக்கு வருகிறேன். இதுவரைக்கும் என் காதில் விழுந்தவை ஐந்து.

முதலாவது: “டீச்சர், பொலிஸ் பிரச்சினை வரும்.”

இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி தெமட்டகொடை மஹவில கார்டன் வீட்டில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு நம்ம தெருக்களில் என்ன நடந்தது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அன்று அந்த வீட்டில் 3 பொலிஸார் உயிரிழந்தார்கள். அடுத்த நாளிலிருந்து தெமட்டகொடை என்று விலாசம் சொன்னாலே எதிரில் நிற்பவரின் முகம் மாறியது. நம்ம பிள்ளைகள் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனால் விலாசத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அபாயாவோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகியது. வீடு வாடகைக்குக் கேட்டால், பெயரைக் கேட்டவுடன் “இப்பதான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்” என்றார்கள்.

ஒருவன் செய்த பாவத்துக்கு ஒரு ஊரையே சந்தேகப்படுவது எவ்வளவு கேவலம் என்று அன்று நாம் எல்லோரும் சொன்னோம். இன்று நாம் என்ன செய்கிறோம்? பெயர் தெரியாத ஒரு குடும்பத்தை, என்ன குற்றம் என்று கேட்காமல், வந்த நாட்டை வைத்துத் தள்ளுகிறோம். அன்று நமக்குச் செய்தது அநியாயம் என்றால் இன்று நாம் செய்வதற்கும் அதே பெயர்தான்.

பொலிஸுக்குப் பயப்படுகிறீர்களா? அப்படியானால் ஒழுங்காகச் செய்யுங்கள். யாருக்கு வீடு கொடுத்தாலும் செய்ய வேண்டியதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். முகவரகம் கொடுத்த அட்டையின் பிரதியை வாங்குங்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். பொலிஸில் குடியிருப்பாளர் விபரத்தைக் கொடுங்கள். வாடகை உடன்படிக்கையைக் கையெழுத்திட்டு வையுங்கள். பொலிஸ் பிரச்சினை என்று சொல்கிற சிலர், ஆறு பேரை ஒரே ரூமில் போட்டு எந்தக் கடதாசியும் இல்லாமல் இரண்டு மடங்கு வாடகை வாங்கத் தயங்குவதில்லை. அப்போது மட்டும் பொலிஸ் ஞாபகம் வருவதில்லை.

இரண்டாவது: “நம்ம ஏழைகளே கிடக்கும்போது வெளியாட்களுக்கு என்ன?”

2022இல் கேஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றது மறக்கவில்லை. அதற்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் இன்னும் எழும்பவில்லை. பாடசாலையில் காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்கிற உரிமை ஏழைக்கு உண்டு.

ஆனால் இதை அடிக்கடி கேட்பவர்கள் ஏழைகள் இல்லை. ஏழைத் தாய்மார் தங்கள் சட்டியிலிருந்து ஒரு அகப்பை எடுத்துக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். “நம்ம ஏழைகள்” என்று சொல்கிறவர்களில் சிலர், நம்ம ஏழைகளுக்கும் கொடுப்பதில்லை.

அதைவிட முக்கியமாக, நான் கேட்கிற விடயங்களில் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஒரு பிள்ளைக்குப் பாயில் இடம் கொடுக்க என்ன செலவு? கிளினிக்கில் நம்பர் எடுத்துக் கொடுத்து, டொக்டர் சிங்களத்தில் சொல்வதை விளங்கப்படுத்த என்ன செலவு? எந்தக் கடையில் மரக்கறி மலிவு, எந்த பஸ் எங்கே போகும், நீர் பட்டியல் எங்கே கட்டுவது என்று சொல்லித்தர என்ன செலவு? நம்ம ஏழையின் பங்கிலிருந்து ஒரு சதமும் இதற்குப் போகாது.

மூன்றாவது: “அவங்க கொள்கை வேற.”

இதைத்தான் எழுதாமல் விடு என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

2019 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தெருவுக்குத் துரத்தப்பட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் பாகிஸ்தானிலிருந்து வந்த அஹ்மதியாக்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். குண்டு வைத்தவர்களோடு இவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை. சொல்லப்போனால் அந்த மாதிரி ஆக்களுக்குப் பயந்துதான் தங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் அயலவருக்குப் பயந்து வெளியே போகச் சொன்னார்கள். நீர்கொழும்பிலும் பஸ்யாலையிலும் இருந்த அஹ்மதியா பள்ளிகளிலும், நீர்கொழும்பு பொலிஸ் நிலையத்தின் வாகனம் நிறுத்துகிற இடத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். வேறு இடங்களுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது ஊர்கள் எதிர்த்தன.

அந்த நேரம் நம்ம சமூகமும் அடிபட்டுக் கிடந்தது, உண்மை. ஆனால் அடிபட்டது அடங்கிய பிறகாவது நம்ம நிறுவனங்கள் அவர்களைப் பற்றி வாய் திறந்தனவா? இல்லை. காரணம் கொள்கை.

கொள்கை விவாதத்துக்கு நான் வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மழையில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அகீதாவா? பள்ளியில் இமாமத் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கூரை, ஒரு பாடசாலை, பயமில்லாமல் கடைக்குப் போய்வர ஒரு தெரு, இதைத்தான் கேட்கிறார்கள்.

மக்காவில் துன்பம் தாங்காமல் ஸஹாபாக்கள் முதலில் ஓடிப் போனது எங்கே? அபிசீனியாவுக்கு. அங்கே ஆண்டவர் யார்? நஜ்ஜாஷி, ஒரு கிறிஸ்தவ மன்னர். குறைஷிகள் பரிசுப் பொருட்களோடு ஆள் அனுப்பி, இவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். நஜ்ஜாஷி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்தார். ஜஃபர் (ரலி) அவர்கள் சொன்னதைக் கேட்டார். பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார், அகதிகளைக் கொடுக்கவில்லை. அன்று அந்த மன்னர் இவர்கள் கொள்கை வேறு என்று கதவைச் சாத்தியிருந்தால்? இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு வருடமும் மேடையில் சொல்கிறோம். சொல்லும்போது நாம் எப்போதும் ஸஹாபாக்களின் பக்கத்தில் நின்றுதான் சொல்கிறோம். இலங்கையில் இன்று நாம் நிற்பது நஜ்ஜாஷியின் இடத்தில் என்பதை யோசிப்பதே இல்லை.

நான்காவது: “இவங்கள வெச்சிருந்தா மற்றவங்க நம்மள சும்மா விடுவாங்களா?”

இதிலும் உண்மை இருக்கிறது. 2017 செப்டம்பர் 26ஆம் திகதி கல்கிசையில் ஐ.நா. பாதுகாப்பில் ஒரு வீட்டில் இருந்த 31 ரோஹிங்யாக்களை, பிக்குகள் தலைமையில் ஒரு கூட்டம் கேற்றை உடைத்துக்கொண்டு போய் மிரட்டியது. அதில் பாதிக்கு மேல் சிறு பிள்ளைகள். பயங்கரவாதிகள் என்று கத்தினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளைப் பூசா முகாமுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. இதையெல்லாம் பார்த்த சமூகம் பயப்படுவது இயற்கை.

ஆனால் பயத்தின் முடிவு என்ன? ஒளித்து வைப்பதா, தள்ளிவிடுவதா? ஒளித்து வைத்த வீட்டைத்தான் சந்தேகம் தேடி வரும். எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்தை, சிங்கள அயலவருக்கும் தமிழ் அயலவருக்கும் முகம் பழகிய பிள்ளையை, யாரும் லேசில் பயங்கரவாதி என்று சொல்ல முடியாது. கல்கிசையில் அந்த மக்களைச் சுற்றி அவர்களை அறிந்த அயலவர்கள் இருந்திருந்தால் கேற்றுக்கு முன்னால் நிற்க நாலு பேராவது வந்திருப்பார்கள். கேற்றும் பூட்டும் பாதுகாப்பு இல்லை. அயலவர்தான் பாதுகாப்பு. இது நமக்கே நடந்த அனுபவம். கலவரக் காலங்களில் முஸ்லிம் குடும்பங்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய சிங்களவர்களின் கதை நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது!

கொவிட் காலத்தில் நம்ம ஜனாஸாக்களை எரித்தார்களே, அப்போது பொறளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் யார்? 20 நாள் குழந்தையின் உடல் எரிக்கப்பட்ட செய்தி வந்த பிறகு, சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் என்று எத்தனையோ பேர் வந்து கட்டினார்கள். மற்றவன் நமக்காக நிற்கும்போது கண் கலங்குகிறோம். மற்றவனுக்காக நிற்கிற முறை நமக்கு வரும்போது பயம் என்கிறோம்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யாக்களோடு ஒரு படகு வந்து முள்ளிவாய்க்கால் பக்கம் ஒதுங்கியது. சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோனவர்கள் அந்தக் கரையோரத்துத் தமிழ் மக்கள். 2009இல் அதே மண்ணில் எல்லாம் இழந்த சனம். பிறகு அந்த அகதிகளை திருகோணமலைக்குக் கொண்டுபோய், திருப்பிக் கேப்பாப்பிலவு விமானப் படை முகாமில் வைத்தார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கே முதலில் உள்ளே போக அனுமதி கிடைக்கவில்லை. அவர்களை மியன்மாருக்குத் திருப்பி அனுப்பாதே என்று முல்லைத்தீவில் சனம் வீதிக்கு இறங்கியது. அவர்கள் அந்த அகதிகளின் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை, மொழியைச் சேர்ந்தவர்களும் இல்லை. ஓடுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

ஐந்தாவது: “எப்படியும் வேற நாட்டுக்குப் போற ஆக்கள்தானே.”

போவார்கள், ஆனால் எப்போது? வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அகதிகள் மீள்குடியேற்றத் திட்டத்தை நிறுத்தியதோடு அந்தப் பக்கத்துக் கதவும் சாத்தியது. பெரிய ஆளுக்கு ஐந்து வருடம் என்பது ஐந்து வருடம். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வருடம் என்றால் முழு ஆரம்பக் கல்வியும் போய்விட்டது என்று அர்த்தம். இதை ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன். எழுத்து பிடிக்க வேண்டிய வயதில் பிடிக்காத பிள்ளையைப் பிறகு பிடித்து இருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். இந்த நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் போட்டிருக்கிறோம். அந்த வயதுப் பிள்ளை ஒன்று நம்ம லேனில் காலை எட்டு மணிக்குச் சீருடை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து, பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது போகப் போகிற பிள்ளைதானே என்று சொல்லிவிட்டு நாம் நடப்பதா?

சாசனத்தில் கையெழுத்திடவில்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். இந்தியாவும் கையெழுத்திடவில்லை. ஆனால் 1983க்குப் பிறகு இங்கிருந்து ஓடிப்போன இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் மண்டபம் முதல் எத்தனையோ முகாம்களிலிருந்து அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அங்கிருந்து கல்லூரிக்கும் போனார்கள். முகாம் வாழ்க்கையில் ஆயிரம் குறை இருந்தது, இன்னும் இருக்கிறது. குடியுரிமைக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனாலும் பிள்ளையைப் பாடசாலைக்கு எடுக்கக் கையெழுத்துத் தேவையில்லை, மனம் இருந்தால் போதும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டு அகதிப் பிள்ளையை அடுத்த நாடு படிப்பித்தது. அடுத்த நாட்டுப் பிள்ளையை நாம் படிப்பிக்க மாட்டோமா?

இனி நம்ம சொந்தக் கதை.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, 2 மணி நேரத்தில் போய்விடு என்றார்கள். நகையையும் காசையும் பறித்துக்கொண்டு விட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் போனார்கள். கொழும்புக்கும் வந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம்மோடு ஒரே பள்ளியில் தொழுகிறார்கள்.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததை இந்த நாடு மறக்கக் கூடாது. வீட்டைத் திறந்தார்கள், பள்ளியைத் திறந்தார்கள், பாடசாலையைத் திறந்தார்கள், தென்னந்தோப்பைத் திறந்தார்கள். ஆனால் வருடங்கள் போகப் போக என்ன நடந்தது? கூலி குறைகிறது, தண்ணீர் போதவில்லை, பாடசாலையில் இடமில்லை, தொழிலில் போட்டி என்று முறுகல் வந்தது. அந்த முறுகலுக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. ஒரு மாவட்டத்தின் தலையில் இவ்வளவு சுமையை வைத்துவிட்டு அரசாங்கம் கையைக் கழுவியது. ஆனால் ஒன்றுக்கு நியாயமே இல்லை. புத்தளத்திலேயே பிறந்து, புத்தளத்திலேயே படித்து, இருபது வயது தாண்டிய பிள்ளைக்கும் “அகதி” என்ற பெயர் ஒட்டியிருந்தது. கலியாணப் பேச்சிலும் வந்தது, வேலையிலும் வந்தது, சண்டை வந்தால் முதலில் அந்தச் சொல்தான் வந்தது. சொந்த மார்க்கம், சொந்த மொழி, சொந்த நாடு. அப்படி இருந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? வரவேற்பது முதல் கிழமையின் வேலை. குடியமர்த்துவது அதற்குப் பிறகு வருகிற பத்து வருடத்தின் வேலை. முதல் கிழமைக்குப் பார்சல் போதும். பத்து வருடத்துக்குப் பாடசாலை வேண்டும், தொழில் வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அயலவர் வேண்டும்.

இந்தப் பழக்கம் வெளிநாட்டாரோடு மட்டும் நிற்பதும் இல்லை. நம்ம தெமட்டகொடையிலேயே மிஹிந்து சென்புர மாடி வீடுகள் வந்தபோது தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்டு வந்த சனத்தை நாம் எப்படிக் கூப்பிட்டோம்? “ஃப்ளாட் ஆக்கள்.” இன்றும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளோடு சேராதே என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. நகரத்தை அழகாக்குகிறோம் என்று சொல்லி வீட்டை எடுத்து, மாடியில் ஏற்றி, வருடக் கணக்கில் மாதா மாதம் காசும் கட்டச் சொன்னார்கள். மலையகத்திலிருந்து கடைகளுக்கு வேலைக்கு வருகிற பொடியன்மாருக்கு நாம் வைக்கிற பெயர்களையும் இங்கே எழுத எனக்கு வெட்கம். புதிதாக வந்தவனைப் பெயரில்லாமல் வைத்திருப்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? முஹாஜிர்களுக்கு முகாம் கட்டவில்லை. ஒவ்வொரு முஹாஜிரையும் ஒவ்வொரு அன்சாரியோடு சகோதரராக இணைத்துவிட்டார்கள். இன்னாருக்கு இன்னார் பொறுப்பு. ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தன் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்று முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதை வாங்கவில்லை, துஆ செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். போய் நெய்யும் பாற்கட்டியும் விற்றுத் தன் காலில் நின்றார். இந்தச் சம்பவத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாதியைக் கொடுக்கத் துணிந்தவரைப் பற்றி நிறைய பயான் கேட்டிருக்கிறோம். சந்தைக்கு வழி கேட்டவரைப் பற்றிக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறோம். அகதி நம்மிடம் பெரும்பாலும் கேட்பது அந்த வழியைத்தான். நாமோ வழியை மறித்துக்கொண்டு நின்று பார்சலை நீட்டுகிறோம்.

ஆகவே என்ன செய்யலாம்? பேசிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. நேரடியாகச் சொல்கிறேன்.

பள்ளி நிர்வாகிகளுக்கு: நோன்பு வரப் போகிறது. இந்த முறை பார்சல் பட்டியல் எழுதும்போது பக்கத்தில் இன்னொரு பட்டியலும் எழுதுங்கள். நம்ம மஹல்லாவில் புதிதாக வந்த குடும்பங்கள் எத்தனை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுப்பெடுக்கிற வீடு எது? ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். தயவுசெய்து கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். திருப்பி அனுப்பப்படுவோமா என்று பயந்திருக்கிற ஆளின் முகத்தை முகநூலில் போடுவது உதவி இல்லை, ஆபத்து.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு: கடதாசியோடு கொடுங்கள், நியாயமான வாடகைக்குக் கொடுங்கள். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் அது ‘இல்லை’ என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்வதுதான்.

வியாபாரிகளுக்கு: வேலை அனுமதி இல்லாத ஆளை ஒளித்து வேலைக்கு வைத்து, அரைச் சம்பளம் கொடுத்து, கேட்டால் பொலிஸுக்குச் சொல்வேன் என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஹராமான உழைப்பு, சகாத் கொடுத்தாலும் சுத்தமாகாது. உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, அமைச்சர்மாரோடு பேசும் வாய்ப்பும் இருக்கிறது. இந்தச் சில நூறு பேருக்குத் தற்காலிக வேலை அனுமதி கொடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள்.

நம்ம வாக்கில் பாராளுமன்றம் போனவர்களுக்கு: காஸாவுக்காகக் குரல் கொடுத்தீர்கள், ஜஸாகல்லாஹ். இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிற அகதிப் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கொடுக்க ஒரு சுற்றறிக்கை கேட்டு எழும்புங்கள். அதற்கு நியூயோர்க் போகத் தேவையில்லை, இசுருபாயவுக்குப் போனால் போதும்.

தாய்மாருக்கு: இதில் உங்கள் கைதான் பெரியது. வந்த பெண்ணின் பெயரைக் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு தடவை சந்தைக்குக் கூட்டிப் போங்கள், ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஆண்கள் கமிட்டி போட்டு ஆறு மாதம் கூடிப் பேசுவதை நீங்கள் ஒரு காலையில் முடித்துவிடுவீர்கள்.

என் பங்கு இது. சனிக்கிழமை பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரை என் வீட்டு முன் ஹோலில் பாய் போடுகிறேன். தமிழ் எழுத்து, சிங்கள எழுத்து, கணக்கு. எந்த நாட்டுப் பிள்ளையும் வரலாம், ஃப்ளாட் பிள்ளையும் வரலாம், என் வகுப்புப் பிள்ளையும் வரலாம். யாரிடமும் அட்டை கேட்க மாட்டேன், கொள்கையும் கேட்க மாட்டேன். இன்னும் இரண்டு ஆசிரியைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தேவை காசு இல்லை. கொப்பி, பென்சில், ஒரு வெள்ளைப் பலகை, உருது தெரிந்த ஒரு ஆள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஓ.எல். முடித்த பிள்ளைகள் யாராவது இருந்தால் அனுப்புங்கள், அவர்களுக்கும் பழக்கமாகும்.

கட்டைவிரல் போட்டவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் ரூம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். உடன்படிக்கை எழுதவும், கிராம சேவகரிடம் போகவும் நானே கூட வருகிறேன்.

வஸ்ஸலாம்.